கடைசியாகக் கறக்க வேண்டிய மாடு

கிணத்துக்கடவில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுக்காரம்மா தோட்டம் எது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். டீக்கடைக்காரர் கை காட்டுவார். ஆட்டோக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வண்டியைத் திருப்புவார். என் கட்டுத்தரையில் இன்று அறுபத்திரண்டு மாடுகள் நிற்கின்றன, கன்றுகளைச் சேர்க்காமல். நான் படித்தது ஐந்தாம் வகுப்பில் பாதி. ஆனால் ஒரு மாடு காலையில் எழுந்து நிற்கிற தோரணையைப் பார்த்தே அதற்குக் காய்ச்சலா, வயிற்று உப்புசமா, பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். மாட்டு வைத்தியம் படிக்கிற காலேஜ் பிள்ளைகளை அவர்களுடைய வாத்தியார் வேன் வைத்து என் தோட்டத்துக்கு அழைத்து வருகிறார். நான் பேசுவேன், அவர்கள் நோட்டில் எழுதுவார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஒருவர் தயவும் இல்லாமல் ஒற்றை மாட்டிலிருந்து மேலே வந்தவள் நான்.

போன மாதம் வந்த பிள்ளைகளில் ஒருத்தி, கண்ணாடி போட்டவள், கேட்டாள். "இதெல்லாம் ஆருகிட்டங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"ஆருகிட்டயும் இல்ல கண்ணு. நானாத்தான்" என்றேன். எப்போதும் சொல்வதுதான். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதைப் படிக்கிற சொந்தங்களே, என் வயதை ஒத்தவர்கள் நீங்கள். ஒரு காலத்தில் நம் வீடுகளில் யாரை என்ன பேசினார்கள், யாரை எங்கே அனுப்பினார்கள் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும். உங்களிடமாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் தோட்டம் ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தது. நான்கு பக்கமும் சோளக்காடு, கிணற்றோரம் பதினோரு தென்னை. தென்னோலை வேய்ந்த சாளைக்குள் ஆறு மாடுகள். ஐயன், அப்பாவை நாங்கள் ஐயன் என்றுதான் கூப்பிடுவோம், ஆறையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவர். அதில் செவலை மட்டும் சிந்து மாடு, எங்கள் பக்கம் கலப்பு மாட்டுக்கு அதுதான் பெயர். அந்தப் பக்கத்திலேயே முதன்முதலாக வந்த கலப்பு மாடு அதுதான். உடம்பெல்லாம் செங்கல் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளை. அது வந்த பிறகுதான் எங்களுக்கு விடிந்தது என்று அம்மா நம்பினார். அதனால் காலையிலும் சாயங்காலமும் முதலில் செவலையைத்தான் கறக்க வேண்டும். அதன் பால்தான் முதலில் கேனில் விழ வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம். மூத்த மாடு என்றே அதைச் சொல்வோம்.

கறப்பது அத்தை. ஐயனுக்கு மூத்தவர். வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை என்று மாமா இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். அத்தை ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டார். வந்த மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு மாட்டடியில் போய்க் குந்தினார். அதற்குப் பிறகு அம்மா செம்பைத் தொடவில்லை. அத்தை கை வைத்தால் உதைக்கிற மாடும் சுரப்பு விட்டு அசை போட்டுக்கொண்டு நிற்கும்.

ஆனால் அவர் கறப்பதற்கு நான் தண்ணீர் சுமக்க வேண்டும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு குடம் புதுத் தண்ணீர். மடியைக் கழுவி, கையைக் கழுவி, அந்த மாட்டுக்கு என்று வைத்திருக்கிற துணியால் துடைத்த பிறகுதான் காம்பைப் பிடிப்பார். ஆறு மாட்டுக்கு ஆறு துணி. எல்லாம் என் பழைய பாவாடையைக் கிழித்தவை. வேலை முடிந்ததும் ஆறையும் வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து முள்வேலி மேல் காயப்போடுவார். நான் விரும்பிக் கட்டிய ஊதாப் பாவாடை ஆறு துண்டாக வேலியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் பள்ளிக்கூடம் போவேன்.

"அம்மிணி, தண்ணி."

"இப்பத்தான ஊத்துனேன் அத்தை!"

"அது மயிலைக்குக் கழுவுனது. இது காரிக்கு."

"எது ஆரு தண்ணின்னு மாட்டுக்குத் தெரியுமாக்கு?"

"மாட்டுக்குத் தெரியாது கண்ணு. மடிக்குத் தெரியும்."

அம்மா, நாத்தனாரை நங்கை என்பார், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வார். "எங்க நங்கையா கை கழுவுற கழுவுக்கு கெணறு வத்திப்போகும் பாரு. கல்யாணப் பந்தியில கூட இத்தனை தண்ணி செலவாகாது." நான் சிரிப்பேன். அம்மாவைச் சிரிக்க வைப்பதும், அம்மா சொல்லுக்குச் சிரிப்பதும் அந்த வயதில் பெரிய காரியம்.

கறந்து முடித்ததும் அத்தை மாட்டைப் படுக்க விடமாட்டார். உடனே முன்னால் ஒரு கட்டுச் சோளத்தட்டு போடுவார். நின்று தின்னட்டும், காம்புக் கண் மூடுகிற வரைக்கும் ஈரத்தரையில் மடி படக்கூடாது என்பார். என்ன கண், எங்கே மூடுகிறது, ஒன்றும் எங்களுக்குப் புரியாது. கறந்த மாட்டுக்கு எதற்குத் தட்டு, கறக்கிறபோதல்லவா போட வேண்டும் என்று ஐயனும் முணுமுணுப்பார். ஆனாலும் அக்கா என்கிற மரியாதைக்காக விட்டுவிடுவார்.

இன்னொன்றும் இருந்தது. ஒரு சிரட்டை. தேங்காய்ச் சிரட்டைதான், ஆனால் அந்த மாதிரி ஒன்றை நான் அப்புறம் பார்த்ததில்லை. நாரையெல்லாம் சுரண்டி, உள்ளே சாம்பல் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, அடுப்புப் புகையில் காட்டிக் காட்டிக் கன்னங்கரேல் என்று ஆக்கி வைத்திருந்தார். உள்ளே பார்த்தால் முகம் தெரியும். சாளைக் கூரையில் ஓலைக்கு நடுவே செருகியிருக்கும். செம்பை மடியடியில் வைப்பதற்கு முன்னால் நான்கு காம்பிலிருந்தும் இரண்டிரண்டு பீச்சு அந்தச் சிரட்டையில் பீச்சுவார். செம்பில் பால் விழுந்தால் மணி மாதிரி ஒலிக்கும். சிரட்டையில் விழுந்தால் சத்தமே கேட்காது. பிறகு கிழக்கே வெளிச்சத்துக்குத் திரும்பி, சிரட்டையைச் சாய்த்துச் சாய்த்து உற்றுப் பார்ப்பார். உதடு அசையும். பார்த்து முடித்ததும் அந்தப் பாலைத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டு, சிரட்டையைக் கழுவி மறுபடி செருகிவிடுவார்.

அந்த ஐப்பசி மழை பிடித்தது பிடித்தபடி நின்றது. சாளைத் தரை சொதசொதவென்று ஆகிவிட்டது. மூத்திரமும் மழைத் தண்ணீரும் ஊறிய பருத்திக்கொட்டையும் கலந்த அந்த வாடை இப்போதும் மழை வந்தால் என் மூக்குக்கு வந்துவிடும். செவலை கன்று போட்டுப் பத்து நாள். ஒரு காலையில் அத்தை சிரட்டையை வெகு நேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"என்ன தெரியுது?"

கறுப்புச் சிரட்டைக்குள் பால். பாலுக்குள் தவிட்டுப் பொடி அளவு வெள்ளைத் திப்பி இரண்டு மூன்று.

"தூசியா அத்தை?"

"தூசியில்ல சாமி." என் கையைப் பிடித்துச் செவலையின் பின்மடியில் வைத்தார். இட்லிப் பானை மூடியைத் தொட்ட மாதிரி ஒரு சூடு. மற்ற மூன்று பக்கமும் மெத்தென்று இருக்க, அது மட்டும் கல்லாகக் கிடந்தது.

அன்றைக்கு அவர் செவலையை விட்டுவிட்டு மயிலையில் ஆரம்பித்தார். ஐந்தையும் கறந்து, எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகச் செவலையடியில் போய்க் குந்தினார். கெட்ட காம்பின் பாலை முழுதும் குழியில் பீச்சி மண்ணை மூடினார். சாயங்காலமும் அப்படியே. பகலில் கணக்கில்லாத தடவை அந்த ஒரு காம்பைப் பீச்சி வெறுமையாக்கினார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், மஞ்சளும் கற்றாழையும் அரைத்துப் பூசினார். மற்ற மாட்டுப் பக்கம் போவதற்கு முன்னால் முழங்கை வரை சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அத்தனைக்கும் தண்ணீர் நான். என் இடுப்பில் குடம் பட்ட இடம் கன்றிப்போயிற்று.

அம்மா மூன்றாம் நாள் கண்டுபிடித்தார். "ஏனுங் நங்கை, மூத்த மாட்டைக் கடைசியாக் கறக்கறீங்களாமா? ஊட்டு லட்சுமியைக் காக்கப் போட்டா வெளங்குமா?"

"அதுக்கு மடி நோவு. ஒடம்பு சரியாகற வரைக்கும் கடைசியாத்தான் கறக்கோணும். இல்லீனா ஆறுக்கும் வந்திரும்."

"நோவு எங்கிருந்து வந்துச்சுன்னுதான் கேக்கறேன்."

அத்தை சாம்பலை எடுத்துக் கையைத் தேய்த்தார்.

இனிமேல் சொல்லப்போவதை நான் என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. அன்று மத்தியானம் நான் அம்மாவிடம் போனேன். இடுப்பு வலி, தண்ணீர்க் குடம், ஊதாப் பாவாடை, இதற்கெல்லாம் மேல் இன்னொன்றும் இருந்தது. அந்தப் பித்தளைச் செம்பு எனக்கு வேண்டும். எனக்கு நன்றாகவே கறக்கத் தெரியும். அத்தைதான் விரல் பழக்கிவிட்டிருந்தார், ஆனால் முழு மாட்டையும் கறக்க விடமாட்டார். ஆகவே போய்ச் சொன்னேன்.

"அம்மா, அத்தை தெனமும் கருப்புச் செரட்டையில பாலைப் பீச்சி உத்து உத்துப் பாக்கறாங்க. வாய்க்குள்ள என்னமோ சொல்றாங்க. அப்புறம் தென்னமூட்டுல ஊத்திப் போடறாங்க."

அம்மாவின் முகம் மாறியது இன்றும் எனக்குத் தெரிகிறது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அம்மாவும் ஐயனும் சாளைப் படல் மறைவில் நின்று பார்த்தார்கள். அத்தை சிரட்டையைச் சாய்த்தார். உதட்டை அசைத்தார். தென்னை மூட்டுக்குப் போனார். "பாருங்க, கண்ணால பாருங்க" என்று அம்மா சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன மந்தரம் பண்றீங்க எங்க மாட்டுக்கு?"

அத்தைக்கு முதலில் புரியவில்லை. சிரட்டையை நீட்டினார். "மந்தரமா? முன்னால வலது, முன்னால எடது, பின்னால வலது, பின்னால எடதுன்னு எண்ணிக்கறேன். எந்தக் காம்புப் பாலு கெட்டதுன்னு மறக்காம இருக்க."

"அதைச் செம்புல பாத்தா ஆகாதா? கருப்புச் செரட்டைதான் வேணுமா?"

"வெள்ளையில வெள்ளை தெரியாது. கருப்புலதான் தெரியும். தம்பி, நீயாச்சும் வந்து ஒருக்காப் பாரு."

ஐயன் பார்க்கவில்லை. அவர் கண் செவலை மேலேயே இருந்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஆறு மாட்டுல மத்த அஞ்சும் நல்லா இருக்குது. அக்கா நாளெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாக்கறது செவலை ஒண்ணைத்தான். அது மட்டும் கெட்டுப் போகுது. இதுக்கு நான் என்ன நெனைக்கட்டும்?"

சொந்தங்களே, இந்தக் கேள்வியை நன்றாகப் பாருங்கள். நோவு மாட்டை மற்ற யாரும் தொட வேண்டாம் என்று அத்தை தன் தலையில் ஏற்றுக்கொண்டார். நோவு இருக்கிற இடத்திலெல்லாம் அவர் கைதான் தெரிந்தது. ஐந்து மாடு நல்லபடி நின்றது யாரால் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா கடைசியாக ஒரு சொல் சொன்னார். "வயித்துல ஒண்ணு தங்காதவ கையில, மடியில மட்டும் பாலு தங்குமா?"

அத்தை சிரட்டையைக் கழுவினார். பொறுமையாகத்தான் கழுவினார். கூரையில் அதே இடத்தில் செருகினார். ஐயன், "கொஞ்ச நாளைக்கு வெள்ளகோயில்ல இருந்துட்டு வாங்க. எத்தனை ஆனாலும் அது உங்க ஊடு. ஒரு மூலையில பாய் போட எடம் இல்லாமயா போகும்?" என்றார். துரத்தவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக அவரே போய்த் தகரப் பெட்டியை எடுத்து வண்டியில் வைத்தார்.

போகும்போது அத்தை என்னிடம் மட்டும் பேசினார். செம்பை என் கையில் கொடுத்தார். "நல்லாக் கறப்பே கண்ணு. உனக்கு வெரல் வந்திருச்சு. செவலையை மட்டும் கடைசியாக் கற. கை கழுவாம அடுத்த மாட்டைத் தொடாத. என்ன?"

"சரிங்க அத்தை" என்றேன். செம்பின் கனத்தில் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

மறுநாள் காலை நான்தான் கறவைக்காரி. பள்ளிக்கூடம் அன்றோடு நின்றது. அதற்கு நான் அழவும் இல்லை. அம்மா குங்குமம் வைத்து, "மூத்த மாட்டுல ஆரம்பி, அம்மிணி" என்றார். நான் செவலையிடம் குந்தினேன். யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை. விரல் வழுக்க வேண்டும் என்று செவலையின் பாலிலேயே கையை நனைத்துக்கொண்டேன். ஆறு துணி எதற்கு என்று ஒரே துணியை இடுப்பில் செருகிக்கொண்டேன். செவலையை முடித்த அதே ஈரக் கையோடு மயிலை, மயிலையிலிருந்து காரி, அப்படியே ஆறாவது மாடு வரை போனேன். அத்தைக்கு ஆகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. ஐயன் கேனைத் தூக்கிப் பார்த்து, குழியில் ஊற்றின பாலெல்லாம் இன்றைக்குக் கேனில் இருக்கிறது என்று என் தலையைத் தடவினார். அவர் என் தலையைத் தடவினது எனக்கு அந்த ஒரு தடவைதான் ஞாபகம்.

பத்துப் பன்னிரண்டு நாள் நான் ராணி. அதற்குப் பிறகு மயிலைக்குப் பின்மடி கனத்தது. நான்கு நாளில் காரி. தொடர்ந்து ஒன்று மாற்றி ஒன்று. கை வைத்தால் உதைத்தன. பால் மஞ்சளாகி, நீராகி, கட்டி கட்டியாகி வந்தது. ஒன்றுக்கு ரத்தம் வந்தது. பால் சொசைட்டிக்கு ஐயன் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். பால் ஊற்றுகிறவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். சொசைட்டிக்காரர் எங்கள் பாலில் கொஞ்சம் எடுத்துச் சுட வைத்தார். அது திரிந்து தயிர் மாதிரி பிரிந்தது.

"ஏனுங் கவுண்டரே, பாலு கொண்டாரச் சொன்னா தயிரைக் கொண்டாந்திருக்கறீங்க?"

வரிசை முழுவதும் சிரித்தது. ஐயன் கேனைச் சைக்கிளிலிருந்து அவிழ்க்கவே இல்லை. அப்படியே தள்ளிக்கொண்டு வந்தார். பாதி வழியில், வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி, கேனைக் கவிழ்த்தார். வாய்க்கால் கொஞ்ச தூரத்துக்கு வெள்ளையாக ஓடியது. "பெத்த ஆத்தாளாட்டம் இருந்தவ. போறப்ப சாபம் உட்டுட்டுப் போயிட்டாளே" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மா கூரையைத் துழாவிச் சிரட்டையை எடுத்தார். வெந்நீர் அடுப்பில் போட்டார். எண்ணெய் ஊறின சிரட்டை, நீலமாக, அழகாக எரிந்தது. "இதோட போகட்டும்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுள்ளியைத் தள்ளிவிட்டுக் குளிர் காய்ந்தேன்.

எதுவும் போகவில்லை. தை பிறப்பதற்குள் ஆறும் வற்றின. இரண்டு செத்தன, அதில் ஒன்று செவலை. மற்ற நான்கையும் தரகர் ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போனார். ஐயன் நூல் மில்லுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். சாகிற வரைக்கும் அக்காவின் பெயரை எடுக்கவில்லை. ஊரெல்லாம், சொந்தக்கார உறம்பரை வீடெல்லாம் அந்தச் சாபக் கதை பரவிவிட்டது. அது வெள்ளகோவில் வரைக்கும் போயிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பிறகு நடந்தது என் பெருமைக் கதை. கிணத்துக்கடவுக்கு வாக்கப்பட்டேன். வீட்டுக்காரர் தென்னை ஏறுகிறவர்களுக்கு மேஸ்திரி. நான் ஒரு மாட்டை வாங்கினேன், அது இரண்டாயிற்று, ஐந்தாயிற்று, பத்தொன்பதாயிற்று. எனக்கு நாற்பது தாண்டியபோது ஒரு மழைக்காலத்தில் என் மாடுகளுக்கு மடி வீங்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, நான்கு. பத்து வயதில் பார்த்தது திரும்ப வருகிறது. அத்தையின் சாபம் என்னைத் தேடி வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆமாம், அந்த வயதிலும் அப்படித்தான் நினைத்தேன்.

கவர்மெண்ட் டாக்டரம்மா வந்தார். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஊசி போட்டார். பிறகு பையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். அதன் மேலே ஒரு கறுப்புத் தட்டு பொருத்தியிருந்தது. காம்பிலிருந்து இரண்டு பீச்சு அதன் மேல் பீச்சி, வெளிச்சத்துக்குத் திருப்பி, சாய்த்துக் காட்டினார்.

"பாருங்கம்மா, திப்பி திப்பியாத் தெரியுதா?"

"இது ஏன் கண்ணு கறுப்பா இருக்குது?"

"வெள்ளைப் பாத்திரத்துல பால்ல இருக்கற வெள்ளைத் திப்பி தெரியாதுங்களே. அதுக்குத்தான். தெனமும் கறக்கறதுக்கு முன்னால இப்படிப் பாருங்க. அப்புறம் முக்கியமா, நோவு வந்த மாட்டைக் கடைசியாக் கறங்க. மாட்டுக்கு மாடு கையைக் கழுவுங்க, தனித்தனித் துணி வெச்சுக்குங்க. கறந்து முடிச்ச ஒடனே தீவனம் போடுங்க, படுக்க உடாதீங்க. மடிநோயை ஒரு மாட்டுலிருந்து அடுத்த மாட்டுக்குக் கொண்டு போறது கறக்கறவங்க கைதானுங்க."

என் கையைப் பார்த்தேன். பால் ஈரம் காயாத கை.

அவர் சொன்னபடி செய்தேன். மற்ற பதினைந்தும் தப்பின. இன்று இருக்கிற அறுபத்திரண்டும் அவற்றின் வம்சம்தான்.

அந்த வாரமே வெள்ளகோவிலுக்குக் கிளம்பினேன். மகன் காரில் கூட்டிப்போனான். காந்திபுரத்தில் நிறுத்தச் சொல்லி, கடையில் இருப்பதிலேயே நல்லதாக ஒரு சேலை எடுத்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தை, அது உங்க கை இல்லைங்க, என்னோட கை. இவ்வளவுதான். குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மாமாவின் இரண்டாம் தாரத்து மகன் வீட்டில், பின்கட்டில், ஒரு தகரக் கொட்டகையில் அத்தை இருந்தார். சுருங்கி, பாதி ஆளாக இருந்தார். பக்கத்தில் அதே தகரப் பெட்டி. என்னைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"அட, எங்க கறவைக்காரியா! மாடு வெச்சிருக்கறியாமா? எத்தனை கண்ணு?"

"பத்தொம்பதுங்க அத்தை." பின்னால் நின்ற மகன், மெஷின், ஷெட் என்று அடுக்கினான். அந்த வீட்டு மகனும் மருமகளும் காரைப் பார்த்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். "இத்தனை பெரிய ஒறம்பரை உங்களுக்கு இருக்குதுன்னு சொல்லவே இல்லியே பெரியம்மா" என்றாள் மருமகள். நானும் சும்மா இருக்காமல் என் பங்குக்கு இரண்டு பெருமையைச் சேர்த்தேன். வாய் அந்தப் பக்கம்தான் ஓடிற்று.

"இங்க மாடு இல்லீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"இவிய நாலு மாடு வெச்சிருந்தாங்க. நான் பக்கத்துல போனதில்ல."

"ஏனுங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நான் என்னமோ பெருசாத் தெரிஞ்சவளாட்டப் பேசிட்டிருந்தேன் கண்ணு. நோவு செவலைக்குன்னு நெனச்சேன். நான் வந்ததுக்கப்புறமும் ஆறும் வத்திப் போச்சாமே. ஒறம்பரை வந்து சொன்னாங்க. அப்புறம்தான் எனக்கே வெளங்குச்சு. உங்கம்மா சொன்னது செரிதான். எங்கைதான் கண்ணு ஆகாத கை. அதுலிருந்து ஒரு மாட்டைத் தொட்டதில்ல."

முப்பது வருசத்துக்கு மேல். மடியில் கை வைத்தால் நோவு எந்தப் பக்கம் என்று சொல்கிற கை.

வாயைத் திறந்தேன். மகன் நின்றான். அந்த மருமகள் நின்றாள். "அதெல்லாம் உடுங்க அத்தை, பழசு" என்றேன். இவ்வளவுதான் வந்தது. சேலையை மடியில் வைத்தேன்.

"எங்கூட வாங்க. தோட்டத்துல வந்து இருங்க" என்றேன், அதற்குப் பதிலாக. அங்கே போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு.

"வேண்டாஞ்சாமி. பத்தொம்பது மாடு. எதுக்கு வெளையாட்டு?"

நான் காருக்கு வந்தபோது அத்தை மெல்ல நடந்து வாசல் வரைக்கும் வந்தார். பொங்கல் கழித்து மறுபடி வருவேன், தனியாக வருவேன், சொல்லிவிடுவேன் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். மார்கழியிலேயே தகவல் வந்துவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். சேலை மடிப்புக் கலையாமல் தகரப் பெட்டியில் இருந்தது.

அந்தக் கண்ணாடி போட்ட பெண் மறுபடி வந்தால் சொல்வேன், நோட்டில் அடித்துவிட்டு எழுதிக்கொள் கண்ணு, என் அத்தையிடம் கற்றுக்கொண்டேன் என்று. இதை இங்கே எழுதுவதும் அதற்குத்தான். அந்த ஆறு மாட்டையும் வற்ற அடித்தது என் கை. யார் வீட்டிலாவது அந்தக் கதை இன்னும் பேசப்பட்டால் தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள்.

அன்று வெள்ளகோவிலில், காரில் ஏறுவதற்கு முன்னால் அத்தையின் கையைப் பிடிக்கப் போனேன். சட்டென்று இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார்.

"தொடாத கண்ணு" என்றார். "பொழுதோட நீ போயி மாடு கறக்கோணும்."